நாணயத்தை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? மேசையிலேயே முடிவெடுக்கும் வழி

கையில் பழைய நாணயம் ஒன்று இருக்கிறது. பார்க்க நன்றாகவும் இருக்கிறது. அதே நாணயம் பிளாஸ்டிக் பெட்டிக்குள், கிரேடு (நாணயத்தின் நிலையைக் குறிக்கும் எண்) அச்சிட்ட சீட்டோடு, பல மடங்கு விலைக்கு ஏலம் போனதை இணையத்தில் பார்த்ததும் 'நாமும் அனுப்பினால் என்ன?' என்று தோன்றும். பெரும்பாலான நாணயங்களுக்கு இதற்குப் பதில் 'வேண்டாம்' என்பதுதான். மீதியுள்ள சிலவற்றை அனுப்பாமல் விற்றால் நஷ்டம். எது எந்த ரகம் என்பதை ஒரு விளக்கு, ஒரு உருப்பெருக்கி, ஒரு தராசு மூன்றையும் வைத்துக்கொண்டு கட்டணம் கட்டும் முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நாணயத்தைக் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். பல்பொடி, எலுமிச்சை, சமையல் சோடா, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். 'கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி அனுப்பலாம்' என்ற எண்ணத்தால் வீணான நல்ல நாணயங்களுக்குக் கணக்கே இல்லை. ஒருமுறை தேய்த்துவிட்டால் பழைய மேற்பரப்பு திரும்பி வராது.

எதற்குப் பணம் கட்டுகிறோம்?

கிரேடிங் நிறுவனம் மூன்று வேலைகளைச் செய்கிறது. நாணயம் அசலா என்று பார்க்கிறது. அதன் நிலைக்கு ஓர் எண் தருகிறது. பிறகு அதைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுகிறது. சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டியை 'ஸ்லாப்' என்பார்கள். உலகச் சந்தையில் அதிகம் ஏற்கப்படும் பெயர்கள் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். முதலாவது 1986-லும் இரண்டாவது 1987-லும் வேலையைத் தொடங்கின. அவற்றுக்கும் முன்பே, 1972 முதல், நாணயங்களின் அசல்தன்மையைச் சோதித்துச் சான்றளித்து வந்தது அனாக்ஸ் என்ற மற்றோர் அமெரிக்க அமைப்பு. யார் வேண்டுமானாலும் பிளாஸ்டிக் பெட்டி செய்து அதில் 70 என்று அச்சிடலாம். வாங்குபவர் மதிக்காத நிறுவனத்தின் ஸ்லாப் இருந்தால், அதை ஸ்லாப் இல்லாத நாணயமாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

எண்கள் 1 முதல் 70 வரை. வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்காவின் பெரிய செம்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. அடையாளம் மட்டுமே தெரியும் நாணயத்துக்கு 1, குறையே இல்லாததற்கு 70. முன்னதைப் போல 70 மடங்கு விலை பின்னதற்கு என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60-ம் அதற்கு மேலும் என்றால் நாணயம் புழக்கத்தில் தேயவில்லை என்று பொருள். சீட்டில் எம்எஸ் 62, எம்எஸ் 65 என்று இருக்கும் ('எம்எஸ்' என்பது 'மின்ட் ஸ்டேட்', அதாவது அடித்தபடியே உள்ளது). ஏயூ ('அபவுட் அன்சர்குலேட்டட்', ஏறக்குறையப் புழங்காதது) 50 முதல் 58 வரை என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே போகப் போகத் தேய்மானம் கூடும்.

இந்த எண்களுக்கு இடையே விலை சீராக ஏறுவதில்லை. பல நாணயங்களுக்கு 62-க்கும் 63-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 65-லிருந்து 66-க்குப் போகும்போது விலை இரட்டிப்பாகவும் செய்யும். உங்கள் நாணயத்துக்கு அந்தத் தாவல் எந்த எண்ணில் வருகிறது என்று தெரியாமல் அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

விளக்கடியில் பார்ப்பது

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். டியூப்லைட் உதவாது, அதன் பரவலான ஒளியில் கீறல்கள் மறைந்துவிடும். மேசைமேல் மெத்தென்ற துணி விரியுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கிரேடு பார்க்க 5 மடங்கு உருப்பெருக்கி போதும். 10 மடங்கு, சந்தேகமான இடத்தை உற்றுப் பார்க்கத்தான். எல்லாவற்றையும் 10 மடங்கில் பார்த்தால் நல்ல நாணயமும் குப்பையாகத் தெரியும்.

இப்போது நாணயத்தை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சு அடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை உண்டாக்குகிறது. தொடாத நாணயத்தில் இந்த வரிகள் ஒளியைச் சிதறடிப்பதால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டைகள் தோன்றி, நீங்கள் சுழற்றச் சுழற்ற நாணயத்தைச் சுற்றி ஓடும். பட்டை எங்கேயும் அறுபடாமல் ஓடினால் நல்ல அறிகுறி. கன்னம், மூக்கு, முடி போன்ற மேடான இடங்களில் பட்டை அறுந்து அங்கே சாம்பல் நிறத்தில் மங்கல் தெரிந்தால், அது தேய்மானம். நாணயம் 60-ஐத் தொடாது. நாணயம் கண்ணாடிபோல மின்னுகிறது, ஆனால் சக்கர ஒளியே இல்லை என்றால் பெரும்பாலும் யாரோ தேய்த்திருக்கிறார்கள். (சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக அடிக்கும் ப்ரூஃப் நாணயங்களின் கண்ணாடிப் பளபளப்பு வேறு வகை, அது அச்சிடும்போதே வருவது.)

மேடான இடத்தில் விவரம் குறைந்திருந்தால் அவசரப்பட்டுத் தேய்மானம் என்று முடிவு கட்ட வேண்டாம். அச்சு பலமாக விழாததும் காரணமாகலாம். மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தில் காதுக்கு மேல் உள்ள முடியும் பின்பக்கக் கழுகின் மார்பும் நேர் எதிரெதிரே அமைந்தவை. அந்த இடம்வரை உலோகம் முழுதாக ஏறாமல் நின்றுவிடும். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்தவற்றில் இதை நிறையப் பார்க்கலாம். பலவீனமான அச்சில் விவரம் இல்லாவிட்டாலும் மேற்பரப்பின் ஒளி அப்படியே இருக்கும். தேய்மானத்தில் விவரமும் போயிருக்கும், ஒளியும் போயிருக்கும், நிறமும் மாறியிருக்கும்.

அடுத்து, பின்னணிச் சமதளத்தில் மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். முடிவு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான், அவசரப்படாதீர்கள். கோடுகள் இரண்டு வகை. அச்சுக்கட்டையை மெருகேற்றியபோது அதில் விழுந்த கீறல்கள் நாணயத்தில் புடைத்த கோடுகளாக வரும். அவை சமதளத்தில் மட்டும் இருக்கும், உருவத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடும். இவற்றால் கிரேடு குறையாது. துணியோ பிரஷ்ஷோ தேய்த்த கோடுகள் பள்ளமானவை. அவை ஒரே திசையில் கூட்டமாக ஓடும், சமதளத்திலிருந்து உருவத்தின் மேலும் ஏறிக் கடக்கும். ஒரு கோட்டை 10 மடங்கில் பார்த்துக்கொண்டே விளக்கை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். புடைத்த கோடு என்றால் விளக்கைப் பார்த்த பக்கம் ஒளிரும், மறுபக்கம் நிழல் விழும். பள்ளத்தில் இது தலைகீழாக இருக்கும்.

எழுத்துகளின் இடுக்குகளில் பழைய அழுக்கு கறுப்பாக ஒட்டியிருந்து, சுற்றிலும் சமதளம் மட்டும் வெளுத்துப் பளபளத்தால், சுத்தம் செய்யப்பட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். நூறு வருட வெள்ளி முழுக்க வெள்ளைவெளேரென்று, ஆனால் உயிரில்லாமல் மங்கலாக இருந்தால் அமிலக் கரைசலில் முக்கியெடுத்தது. ஒருமுறை, ஒரு நொடி முக்கியதை நிறுவனங்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. திரும்பத் திரும்ப முக்கினால் அந்த நுண்வரிகளே கரைந்துபோகும்.

பச்சைப் பிசுபிசுப்பு தெரிகிறதா? மெத்தென்று மடங்கும் பிவிசி உறைகளில் பல வருடம் வைத்ததன் விளைவு அது. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த பொருள் கசிந்து உலோகத்தோடு வினைபுரிகிறது. தேய்க்காமல் செய்யக்கூடிய ஒரே சுத்தம் இதற்குத்தான் பொருந்தும்: கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்தமான அசிட்டோனை ஊற்றி, நாணயத்தைச் சில நிமிடம் ஊறவைத்து, புதிய அசிட்டோனில் மறுபடி அலசி, தானாக உலரவிட வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் விளக்குச் சூட்டுக்கும் தள்ளிச் செய்யுங்கள். பச்சை போன பிறகு அடியில் அரிப்புக் குழிகள் இருந்தால் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது.

கடைசியாக விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பழைய நாணயங்கள் பல நகையாகத் தொங்கியவை. 12 மணி இடத்தில் பற்றவைத்த தடம், அரம் போட்ட தடம், அடைத்த துளை இவற்றில் ஏதாவது இருந்தால் எண் கிடைக்காது. அசல்தான், ஆனால் கெட்டது என்று பொருள்படும் 'டீடெய்ல்ஸ்' சீட்டுதான் வரும். தேய்த்தது, கீறியது, அரித்தது எல்லாவற்றுக்கும் இதே முடிவு. அந்தச் சீட்டோடு விற்றால், சீட்டே இல்லாமல் விற்றதைவிடக் குறைவாகக் கிடைப்பதும் உண்டு, ஏனென்றால் குறை சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

அசலா என்று தராசில் பார்ப்பது

0.01 கிராம் காட்டும் தராசும் விட்டம் அளக்கும் கேலிப்பரும் போதும். தாடையை நாணயத்தின் மேல் இறுக்காதீர்கள். மார்கன் டாலர் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் தங்க நாணயமான சாவரின் 7.98 கிராம், 22.05 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம். கூடினாலோ, புதிது போலத் தெரிந்தும் கணிசமாகக் குறைந்தாலோ சந்தேகப்படுங்கள். காந்தம் இரும்புப் போலியை மட்டும்தான் பிடிக்கும். பித்தளை, செம்புப் போலிகளை அது விட்டுவிடும்.

எடை சரியாக இருந்தும் உலோகத்தில் சந்தேகம் இருந்தால் அடர்த்தி பார்க்கலாம். காய்ச்சி வடித்த நீர் நிறைந்த கோப்பையைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் நீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல மார்கன் டாலருக்குச் சுமார் 2.59 வரும், 26.73-ஐ 2.59-ஆல் வகுத்தால் 10.3. அதுதான் 90 சதவீத வெள்ளிக்குரிய அளவு. 9-க்குப் பக்கத்தில் வந்தால் வெள்ளி அல்ல. நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், நூலை லேசாகத் தட்டிவிடுங்கள். பிறகு துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றியெடுங்கள்.

உலோகம் அசல் என்பதால் நாணயமும் அசல் என்று ஆகிவிடாது. அரிய ஆண்டு, அரிய சாலைக்குறி (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) உள்ளவற்றில் மோசடி வேறு விதமாக நடக்கும். சான்ஃபிரான்சிஸ்கோ சாலையின் 1893 மார்கன் டாலர் மொத்தம் 1,00,000 மட்டுமே அடிக்கப்பட்டது; அதனால் வேறு சாலையின் 1893 நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டுவார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் அரியது, 1938-இன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 9 ஆக்குவார்கள். எழுத்தின் அடியில் பிளவு, சுற்றிலும் நிறமாற்றம், பக்கத்து இலக்கங்களோடு ஒத்துப்போகாத உயரம் மூன்றையும் 10 மடங்கில் தேடுங்கள். இப்படிப்பட்ட நாணயம் உங்களிடம் இருந்து, இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டியும் விட்டால், கிரேடைப் பற்றிக் கவலைப்படாமல் அசல்தன்மைக்காகவே அனுப்புங்கள். அறிந்தவர்கள் அதைச் சான்றில்லாமல் வாங்கவே மாட்டார்கள்.

கணக்குப் போடுவது

முதலில் செலவு முழுவதையும் கூட்டுங்கள். கிரேடிங் கட்டணம், பார்சல் ஒன்றுக்கான கையாளும் கட்டணம், உறுப்பினர் சந்தா தேவையென்றால் அது, போக வர அஞ்சலும் காப்பீடும், வெளிநாடு என்றால் சுங்கச் செலவு. இணையத்தில் கண்ணில் படும் ஒற்றைக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒரே ஒரு நாணயம் அனுப்பினால், கிரேடிங் கட்டணத்தைவிடச் சுற்றுச்செலவு கூடிவிடும்.

விலையை எடுப்பது, விற்பவர் கேட்கும் விலையிலிருந்து அல்ல; முடிந்த ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையிலிருந்து. அதே ஆண்டு, அதே சாலை, அதே கிரேடு, கடந்த ஓராண்டு. ஐந்தாறு விற்பனையாவது பார்த்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஸ்லாப் இல்லாமல் உங்கள் நாணயம் 100 பெறும், மொத்தச் செலவு 40 என்று வைத்துக்கொள்வோம். எம்எஸ் 63 வந்தால் 150, எம்எஸ் 62 வந்தால் 110, டீடெய்ல்ஸ் வந்தால் 60. வாய்ப்புகள் முறையே 20, 50, 30 சதவீதம் என்று நேர்மையாக மதிப்பிடுகிறீர்கள். 30, 55, 18 சேர்ந்து 103. செலவு 40 போக 63. அப்படியே விற்றிருந்தால் 100. அனுப்பக் கூடாது.

நாணயம் 1000 பெறும், மற்ற விலைகளும் அதே விகிதத்தில் பத்து மடங்கு, செலவு மட்டும் அதே 40 என்றால்? வருவது 1030, செலவு போக 990. பெரிய நாணயம் என்பதாலேயே லாபம் வந்துவிடவில்லை. இப்போது விளக்கடியில் கவனமாகப் பார்த்து, தேய்த்த தடம் எதுவும் இல்லை, டீடெய்ல்ஸ் வாய்ப்பு 5 சதவீதம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், 63-க்கு 30, 62-க்கு 65 என்று வாய்ப்புகள் மாறும். 450, 715, 30 சேர்ந்து 1195. செலவு போக 1155. அனுப்பலாம். ஆனால் 100 பெறும் சிறிய நாணயத்துக்கு அதே நல்ல வாய்ப்புகளைப் போட்டாலும் 119.5-இலிருந்து 40 போய் 79.5 தான் மிஞ்சும்.

முடிவை மாற்றுவது இரண்டே விஷயம் என்பது இதில் தெரியும்: நாணயத்தின் மதிப்புக்குச் செலவு எவ்வளவு சிறியது, டீடெய்ல்ஸ் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு குறைவு. 'எனக்கு 65 வந்துவிடும்' என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடம் தராதீர்கள். புதியவர்கள் தங்கள் நாணயத்தை நிறுவனம் தருவதைவிட ஓரிரு எண்கள் உயர்வாகவே எடைபோடுவார்கள். நீங்கள் நினைக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அப்போதும் லாபம் நின்றால்தான் அது லாபம்.

நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில், ஒவ்வொரு கிரேடிலும் எத்தனை நாணயங்கள் வந்துள்ளன என்று பார்க்கலாம். சான்ஃபிரான்சிஸ்கோவின் 1881 மார்கன் டாலரைப் போல, உயர்ந்த கிரேடிலேயே ஏராளமாகக் கிடைப்பவை உண்டு. அவற்றுக்கு 63 வாங்குவதில் பயனில்லை. பட்டியலை அப்படியே நம்பவும் வேண்டாம், ஸ்லாப்பை உடைத்து அதே நாணயத்தை மறுபடி அனுப்புபவர்களால் எண்ணிக்கை கூடித் தெரியும்.

சாலையிலிருந்து நேராக உறையில் வரும் இக்காலத்து ப்ரூஃப், முதலீட்டு நாணயங்களில் பெரும்பாலானவை 69 அல்லது 70 பெறும். 69-க்குச் செலவுத்தொகைகூடத் திரும்பாமல் போகலாம். 70 மட்டும் விலைபோகும், அதை வெறுங்கண்ணால் முன்கூட்டிச் சொல்வது கடினம். உங்கள் மகிழ்ச்சிக்காக வைத்திருப்பவை என்றால், காற்றுப்புகாத அக்ரிலிக் கேப்சூலே போதும்.

அனுப்பத் தீர்மானித்தால்

ஒவ்வொரு நாணயத்தையும் இருபக்கமும், ஒருமுறை சாய்த்தும், படமெடுத்து எடையோடு குறித்துவையுங்கள். வழியில் சேதமானால் காட்ட ஆதாரம் வேண்டும். பிறகு பிவிசி இல்லாத, கெட்டியான மைலார் உறையில் ஒவ்வொன்றாக இடுங்கள். பின் குத்திய அட்டை உறைகளைத் தவிருங்கள், பின் எடுக்கும்போது நாணயம் கீறும். உறைகளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே ரப்பர் பேண்டால் இறுக்கி, அட்டைப்பெட்டிக்குள் குலுக்கினால் சத்தமே வராத அளவுக்கு நிரப்புங்கள். உறையின் மேல் நேரடியாக டேப் ஒட்டாதீர்கள். பெட்டியின் வெளியே 'நாணயம்' என்று எங்கும் எழுத வேண்டாம்.

படிவத்தில் மதிப்பு கேட்பார்கள். கட்டணத்தை மிச்சம்பிடிக்கக் குறைத்து எழுதினால், தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் அந்த அளவுக்குத்தான். கூட்டி எழுதினாலோ, தேவையில்லாமல் மேல்கட்டணப் பிரிவில் விழும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, திரும்பி வரும் சரக்கு உங்களுடையதே என்று நிரூபிக்கும் ஏற்றுமதித் தாள்களைப் போகும்போதே பெற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சொந்த நாணயத்துக்கே இறக்குமதி வரி கட்ட நேரலாம். பழம்பொருள்களை நாட்டை விட்டு வெளியே எடுப்பதில் பல நாடுகளில் சட்டத்தடை உண்டு, நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் இதை முதலில் விசாரியுங்கள்.

செம்பு நாணயத்துக்கு எண்ணோடு நிறத்தையும் எழுதுவார்கள்: சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு. அடித்தபோதிருந்த சிவப்பு 95 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால்தான் சிவப்பு. விலை வித்தியாசம் பெரியது. பண்டைய நாணயங்களுக்கு என்ஜிசி அச்சுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியாக 5-க்கு மதிப்பெண் தரும். அவற்றுக்கு 70 வரையுள்ள கணக்கு பொருந்தாது.

திரும்பி வந்ததும் சீட்டில் உள்ள ஆண்டு, சாலைக்குறி, எண் மூன்றையும் நாணயத்தோடு ஒப்பிடுங்கள். அச்சுப்பிழை இருந்தால் நிறுவனம் திருத்தித் தரும். சான்றெண்ணை அவர்கள் தளத்தில் தேடிப் படம் பொருந்துகிறதா பாருங்கள். ஸ்லாப்போடு வாங்கும் நாணயங்களுக்கும் இதே பழக்கம் வேண்டும், உண்மையான எண்ணை அச்சிட்ட போலி ஸ்லாப்புகள் சந்தையில் சுற்றுகின்றன. எதிர்பார்த்ததைவிட ஒரு எண் குறைந்துவிட்டது என்று உடனே உடைத்து மறுபடி அனுப்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே விளக்கடியில் பாருங்கள், நிறுவனத்தின் கண்ணில் பட்டது உங்களுக்கும் தெரியும். ஸ்லாப் முழுக்கக் காற்றுப்புகாதது அல்ல. சிலிக்கா ஜெல் பை போட்ட பெட்டியில், ரப்பரும் கந்தகமும் இல்லாத இடத்தில் நிற்கவைத்து அடுக்கி, பை ஈரத்தை இழுத்து நிறம் மாறியதும் புதிதாக மாற்றிவிடுங்கள்.